கல்யாண டிஜே, கம்பெனி விழாவுக்குப் போகலாமா? திருச்சிக்காரங்க கவனிக்க வேண்டிய 4 விஷயங்கள்

முக்கொம்பு, ஸ்ரீரங்கம் பக்கம் கல்யாணம், காதுகுத்து எனச் சுற்றும் டிஜேக்களுக்கு ஆடி, மார்கழி வந்தால் கை காய்ந்துவிடும். அந்த மாதங்களில் கைகொடுப்பவை கம்பெனி விழாக்கள். திருவெறும்பூர் பெல், நவல்பட்டு ஐடி பூங்கா என நம்ம ஊரில் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனா, கல்யாண வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

பாட்டுக்கு லைசென்ஸ் வேணுமா?

வேணும். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52-ன்படி திருமணம் சார்ந்த நிகழ்ச்சிகளுக்கு ராயல்டி கிடையாது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைத் தெளிவுபடுத்தியது. கம்பெனி ஆண்டு விழாவுக்கு இந்தச் சலுகை இல்லை. பிபிஎல், ஐபிஆர்எஸ் போன்ற அமைப்புகளிடம் உரிமம் வாங்க வேண்டும். அதை யார் வாங்குவது என்பதை கொட்டேஷனிலேயே எழுதிடுங்க.

எத்தனை மணி வரை?

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. ஆற்றங்கரை புல்வெளியில் நடக்கும் விருந்துக்கும் இதேதான். மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு.

பணம் எப்போ வரும்?

கல்யாண வீட்டில் கைமேல் காசு. கம்பெனியில் பில், பான் எண் கொடுத்து, டிடிஎஸ் பிடித்தம் போகத்தான் வரும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு ₹20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். உத்யம் பதிவு இலவசம். அது இருந்தால், அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற சட்டம் உங்கள் பக்கம். தாமதமானால் வட்டியும் கேட்கலாம்.

அடுத்த ஆர்டர் கிடைக்க?

பேஸை விட மைக் முக்கியம். எம்.டி. பேசும்போது மைக் 'கொய்ங்'னு கத்தினால், அடுத்த வருஷ ஆர்டர் அங்கேயே போச்சு!