ஆர்மீனியரின் நிகழ்காலமும் இறந்தகாலமும்

சென்னைப் பாரிமுனைப் பக்கம் போனவர்களுக்கு அரண்மனைக்காரன் தெரு தெரிந்திருக்கும். அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனியன் தெரு என்பதுதான் நம்ம ஜனங்கள் வாயில் புகுந்து அரண்மனை ஆகிவிட்டது. அந்தத் தெருவில் 1772ல் கட்டிய ஆர்மீனிய மாதா கோயில் இன்றைக்கும் இருக்கிறது. இங்கே கல்கத்தாவில் படாபஜாரிலும் ஓர் ஆர்மீனியன் தெரு உண்டு. 1724ல் கட்டிய கோயிலும் உண்டு. சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கல்லறை எழுத்துகளைப் பார்த்து நின்றிருக்கிறேன். உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை நம்ம சென்னையில்தான் அச்சானது: ஷ்மவோனியன் என்ற பாதிரியார் 1794 முதல் 1796 வரை நடத்திய 'அஸ்தரார்'. இவ்வளவு தூரம் நம்மோடு பழகியவர்கள் என்ன பாஷை பேசினார்கள், அதில் காலத்தை எப்படிக் காட்டினார்கள் என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். படித்ததைச் சங்க அன்பர்கள் முன் வைக்கிறேன்.

ஆர்மீனியருக்கு எழுத்து வந்தது கி.பி. 405 வாக்கில். மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்ற துறவி செய்து கொடுத்தார். அந்தப் பழைய மொழிக்குக் கிரபார் என்று பெயர். அதில் வினைச்சொல்லுக்கு இரண்டு அடி உண்டு. ஒன்று நடந்துகொண்டிருப்பதற்கு, மற்றது நடந்து முடிந்ததற்கு. வியாபாரிக்கு ஏற்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'குனெம்' என்றால் வாங்குகிறேன். 'குனெத்ஸி' என்றால் வாங்கினேன், பேரம் முடிந்தது. இவற்றோடு முதல் அடியிலிருந்தே பிறக்கும் 'குனெயி' என்ற ஒன்றும் உண்டு. வாங்கிக்கொண்டிருந்தேன் என்று அதற்குப் பொருள். முடிந்ததா இல்லையா என்பது அதில் இல்லை. (இங்கே வரும் 'கு'வை முழு உகரமாகச் சொல்லக்கூடாது. 'நாக்கு' என்பதன் கடைசி உகரம் போல அரைகுறையாகச் சொல்லவேண்டும்.)

இறந்தகாலத்தில் ஒரு சின்ன எழுத்து பெரிய சாட்சி சொல்கிறது. 'பெரெம்' என்றால் கொண்டுவருகிறேன். 'அவன் கொண்டுவந்தான்' என்பதற்கு 'எபெர்'. முன்னால் ஒட்டியிருக்கும் அந்த 'எ' எங்கிருந்து வந்தது? சமஸ்கிருதத்தில் 'பராமி', 'அபரத்' என்று வருகிறது. கிரேக்கத்தில் 'ஃபெரோ', 'எஃபெரெ'. மூன்று வீட்டிலும் ஒரே பாத்திரம்! ஆர்மீனியத்தில் மட்டும் ஒரு சிக்கனம்: சொல் ஓரசையாகக் குறுகிப்போகும் இடத்தில்தான் இந்த 'எ' வரும், மற்ற இடத்தில் வராது. இத்தனை இருந்தும், பாரசீகச் சொற்கள் ஏராளமாக இருந்ததால் ஆர்மீனியத்தைப் பாரசீகக் கிளை என்றே பண்டிதர்கள் நினைத்திருந்தார்கள். 1875ல் ஹூப்ஷ்மன் என்ற ஜெர்மானியர்தான் அது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் தனிக்கிளை என்று நிறுவினார். கடையில் இருக்கும் சரக்கைப் பார்த்து முதலாளி யார் என்று முடிவு கட்டினால் இப்படித்தான் ஆகும்.

இலக்கணம் எழுதியதிலும் ஒரு கதை இருக்கிறது. டயோனீசியஸ் த்ராக்ஸ் எழுதிய கிரேக்க இலக்கணத்தை ஐந்து, ஆறாம் நூற்றாண்டு வாக்கில் ஆர்மீனியத்தில் பெயர்த்தார்கள். ஆர்மீனியத்தில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு கிடையாது. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல். இருமை எண்ணும் கிடையாது. கிரேக்கத்தில் இருக்கிறதே என்று பெயர்த்தவர் இல்லாத வடிவங்களைச் செய்து நிரப்பினார். நம்ம வீரசோழியம் வடமொழி அச்சில் தமிழை வார்த்ததை நினைத்துக்கொண்டேன். அதையாவது ஒப்புக்கொள்ளலாம், இவர்கள் செய்தது கொஞ்சம் அதிகம்.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். பேச்சில் 'குனெம்' என்ற பழைய நிகழ்காலம் தேய்ந்துபோனது. 'இப்போது நடக்கிறது' என்று அழுத்திச் சொல்ல ஜனங்கள் புது வழி தேடினார்கள். மேற்கே, அதாவது இன்றைய துருக்கிப் பகுதியிலும் கிலிக்கியா ராஜ்யத்திலும் (1198–1375), முன்னால் 'கு' என்று ஒட்டினார்கள்: 'கு குனெம்', வாங்குகிறேன். இந்தக் 'கு' நிற்கிறது, இருக்கிறது என்ற பொருளுள்ள 'கய்' என்ற சொல்லின் தேய்வு என்று விளக்குகிறார்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் நிகழ்கால இடைநிலை மூன்று சொல்கிறார்: ஆநின்று, கின்று, கிறு. முதலாவதில் 'நின்று' கண்முன்னே நிற்கிறது பாருங்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மனித மனசு ஒரே மாதிரி வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

கிழக்கே, எரவான், திபிலீசி பக்கம், வேறு வழி போனார்கள். 'எரவானும்' என்றால் எரவானில். அதே 'உம்' உருபை வினையோடு சேர்த்து, 'இருக்கிறேன்' என்னும் 'எம்'மைப் பக்கத்தில் வைத்தார்கள்: 'குனும் எம்'. வாங்குதலில் இருக்கிறேன் என்று நேர்பொருள். 'எம்' இடத்தில் 'எயி' போட்டால் வாங்கிக்கொண்டிருந்தேன். 'குனெத்ஸி' மட்டும் மாறவே இல்லை. வாங்கினேன் என்று அன்றைக்குச் சொன்னதைத்தான் இரண்டு பக்கத்தாரும் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பழைய 'குனெம்' என்ன ஆனது? 'வாங்கட்டுமா, வாங்கலாம்' என்ற பொருளுக்கு ஒதுங்கிக்கொண்டது. நம்மிடமும் இதே கதைதான். 'கின்று' வலுத்த பிறகு, முன்பு இன்றைக்கும் நாளைக்கும் சேர்த்து நின்ற 'செய்யும்' மெல்ல எதிர்காலத்துக்கு நகர்ந்தது.

சிக்கல் எங்கே என்றால், கிழக்கத்தியாரிடமும் 'கு குனெம்' இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அதன் பொருள் 'வாங்குவேன்'. மேற்கத்தியான் 'வாங்குகிறேன்' என்று பணத்தை நீட்டுகிறான். கிழக்கத்தியான் காதில் 'வாங்குவேன், அப்புறம் பார்க்கலாம்' என்று விழுகிறது. எழுத்திலும் ஒருவர் சேர்த்து எழுதுகிறார், ஒருவர் பிரித்து எழுதுகிறார். ஒருவர் 'க'வை வன்மையாகவும் மற்றவர் மென்மையாகவும் உச்சரிப்பார்கள். நம் எழுத்தில் இரண்டும் ஒரே 'க' என்பதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. 'இல்லை' என்பதிலும் வேற்றுமை உண்டு. கிழக்கத்தியார் 'செம் குனும்' என்று துணைவினையைத் திருப்பிப் போடுவார்கள்; மேற்கத்தியார் 'செம் குனெர்' என்பார்கள், அங்கே 'கு' காணாமலே போய்விடும். கிழக்கத்தியாருக்கு இன்னொரு வேடிக்கை: 'குனும் எம்' என்றால் வாங்குகிறேன், போகிறேன் இரண்டும்தான். கடைக்காரன் பாடு திண்டாட்டம். இறந்தகாலம் வந்தால்தான் தெளியும்: 'குனெத்ஸி' வாங்கினேன், 'குனத்ஸி' போனேன்.

1915ல் துருக்கி மண்ணில் நடந்த இனப்படுகொலையில் மேற்கு ஆர்மீனியம் தன் சொந்த ஊர்களை இழந்தது. தப்பியவர்கள் பெய்ரூட், அலெப்போ, பாரிஸ் என்று சிதறினார்கள். 1946 முதல் 1949 வரை இவர்களில் சுமார் 90,000 பேர் சோவியத் ஆர்மீனியாவுக்குத் திரும்பி வந்தார்கள். வந்த இடத்தில் அவர்களது நிகழ்காலம் எதிர்காலமாகக் கேட்டது. வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று என்று அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இதை நான் விளக்கத் தேவையில்லை. நம் வீடுகளிலும் 'வர்றேன்' என்று அப்பா சொல்ல, பிள்ளை வங்காளியிலோ இந்தியிலோ பதில் சொல்கிறதே. 2010ல் யுனெஸ்கோ மேற்கு ஆர்மீனியத்தை அழியும் ஆபத்திலுள்ள மொழிகளின் பட்டியலில் சேர்த்தது.

இந்த இரண்டு நிகழ்காலத்தையும் வைத்தே ஆர்மீனியப் பேச்சுவழக்குகளை வகை பிரித்தவர் ஹ்ராச்சியா அசாரியான். 1909ல் வெளியிட்ட நூலில் 'உம்' கிளை, 'கு' கிளை, 'எல்' கிளை என்று மூன்றாகப் பகுத்தார். பிறந்தது கான்ஸ்டாண்டிநோபிளில், அதாவது 'கு' பக்கம். வாழ்நாளின் பிற்பகுதி எரவானில், 'உம்' பக்கம். ஸ்டாலின் காலத்தில் 1937ல் சிறைக்குப் போய் 1939ல் வெளியே வந்தார். 562 மொழிகளோடு ஒப்பிட்டு ஓர் இலக்கணமும் எழுதினார். பள்ளிப் படிப்போடு நின்ற எனக்கு அந்த எண்ணிக்கையே மலைப்பாக இருக்கிறது.

சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்த ஆர்மீனிய வியாபாரிகள் பெரும்பாலும் பாரசீகத்தில் இஸ்ஃபகான் பக்கத்துப் புது ஜுல்ஃபாக்காரர்கள். அவர்கள் பேச்சு 'உம்' கிளை. 'எம்' என்பதை 'அம்' என்பார்கள். 1748ல் ஆங்கிலேயக் கடற்படை 'சாந்தா கத்தரீனா' என்ற கப்பலைப் பிடித்தபோது அதில் இவர்களுடைய கடிதக் கட்டுகள் மாட்டின. அவை லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கிரபார் இலக்கணம் பார்க்காமல், வாயில் வந்த ஜுல்ஃபா வழக்கில் ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்கு எழுதிய கடிதங்கள்.