சத்தம் ஒன்று, எழுத்து மூன்று

பாலாற்றுக்குத் தென்கரையில் ஆற்காடு, வடகரையில் ராணிப்பேட்டை. ஆற்காட்டுக்கு நவாபுகள் உண்டு, கிளைவ் உண்டு, சரித்திரப் புஸ்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே உண்டு. ராணிப்பேட்டைக்கு இருப்பது ஒரு கதைதான். 1714-இல் செஞ்சி தேசிங்குராஜன் போரில் மாண்டதும் அவனுடைய ராணி உடன்கட்டை ஏறினாள் என்றும், அவள் நினைவாக நவாப் சாதத்துல்லாகான் இந்தப் பேட்டையை உண்டாக்கினார் என்றும் சொல்வார்கள். பிறகு கும்பினிப் பட்டாளம் வந்து தங்கிற்று. பட்டாளம் போன பிறகு ஊருக்குச் சோறு போட்டது தோல். இந்த ஊரில்தான், பாஷையைப் பற்றி எனக்கிருக்கும் சொற்ப ஞானத்தை நான் சம்பாதித்தேன். சொல்லிக் கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவர்.

கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து, மேலே படிக்க வழியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. தெருக்கோடியில் ஒரு கொட்டகையில் பெரியவர்களுக்கு இரவுப் பள்ளி நடத்தினார்கள். சம்பளம் கிடையாது, இருந்தாலும் வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டியிருந்ததால் போனேன். முதல் நாள் பலகையில் 'தோல்' என்று எழுதினேன். வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தோல் ஷாப்பில் வேலை செய்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த சொல்லிலிருந்து ஆரம்பிப்பது புத்திசாலித்தனம் என்று எனக்கு எண்ணம்.

முன்வரிசையில் இருந்த கிழவர் பலகையை வெகு நேரம் பார்த்தார்.

"இன்னா நைனா இது? தோ-ன்னு ஒரே சத்தம்தான் வருது. முன்னால ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பின்னால ஒண்ணு போட்டிருக்கியே. நாக்கு ஒரு தபாதானே அசையுது?"

"அது அப்படித்தான் தாத்தா. மனப்பாடம் பண்ணிக்குங்க" என்றேன்.

கிழவர் பேசாமல் இருந்துவிட்டார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மூன்று வயதிலிருந்து எழுதி வந்த எழுத்து. அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதும் என்னிடமிருந்து வந்தது ஓர் அதட்டல்தான். தெரியாத உபாத்தியாயருக்கு 'மனப்பாடம் பண்ணு' என்பதைப் போலச் சௌகரியமான வார்த்தை வேறு இல்லை.

பிறகு வருஷக் கணக்கில் கையில் அகப்பட்ட புஸ்தகங்களையெல்லாம் புரட்டினேன். கிழவரின் கேள்வி சாமானியமானதல்ல என்று தெரிந்தது. ஏட்டுச் சுவடிக் காலத்தில் 'தோ'வுக்கும் 'தொ'வுக்கும் எழுத்தில் வித்தியாசமே காட்டவில்லை. எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது, மெய்யெழுத்துக்கும் அப்படியே. ஆனால் பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும். அதனால் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். போதாக்குறைக்குக் காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். ஆகவே ஏட்டிலே 'தோல்' என்று எழுதினால் அதைத் தொல் என்றும் படிக்கலாம், தோல் என்றும் படிக்கலாம், தெரல் என்றுகூடப் படிக்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர்தான் நெடிலின் கொம்புக்கு ஒரு சுழி போட்டு இந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தார். நாம் ஏதோ ஆதியிலிருந்து வந்ததாக நினைக்கும் அந்தச் சுழிக்கு வயது முந்நூறு வருஷத்துக்குள்தான்.

அப்படியானால் அதற்கு முன் படித்தவர்கள் எப்படித்தான் படித்தார்கள்? காதால் படித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஓலை பாதிச் சொல்லைக் கொடுத்தது; மீதிப் பாதி, முன்பே கேட்டுப் பழகிய காதிலிருந்து வந்தது.

இது தெரிந்த பிறகுதான் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தின் இரைச்சலுக்கு எனக்கு அர்த்தம் விளங்கிற்று. விடிவதற்கு முன்பே பிள்ளைகள் வந்து சேர வேண்டும். எல்லாருக்கும் முன்னால் வருகிறவனுக்கு வேத்தான் என்று பெயர் என உ. வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். ஆத்திசூடியும் எண்சுவடியும் ஒருவன் முறை சொல்ல, மற்றவர்கள் கூடச் சொல்வார்கள். எழுதுவது மணலில், விரலால். பெரிய பையன் சட்டாம்பிள்ளை. அவன் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1623-இல் கன்னட நாட்டில் பிரயாணம் செய்த பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியர், ஒரு கோயில் தாழ்வாரத்தில் நான்கு சிறுவர்கள் கணக்கைப் பாட்டாகப் பாடிக்கொண்டே மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். உபாத்தியாயர் என்று யாரும் அங்கே இல்லை. ஒருவருக்கொருவர் அவர்களே வாத்தியார்.

இந்த மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் தாண்டிப் போனது ஒரு வேடிக்கையான கதை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் பட்டாளத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட விடுதிப் பள்ளிக்குத் தலைவரானார். ஒரு நாள் குதிரைமேல் போகும்போது நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த உபாத்தியாயர்கள் இசையவில்லை. பெல் துரை அவர்களோடு வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு எழுத்து வகுப்பை அவனிடம் ஒப்படைத்துவிட்டார். உபாத்தியாயர்களால் ஆகாது என்ற காரியம் பையனால் ஆயிற்று.

பெல் 1796-இல் ஊர் திரும்பி, மறு வருஷம் லண்டனில் இதைப் பற்றிப் புஸ்தகம் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. 1811-இல் ஏற்பட்ட தேசியக் கல்விச் சங்கம் ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த முறையில் ஏராளமான பள்ளிகளை நடத்திற்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் அவர் வைத்துவிட்டுப் போன பணத்தில் 1833-இல் திறந்த பள்ளிக்கூடம் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரோடு இருக்கிறது. ஆனால் சீமைக்குப் போனதும் அது வெறும் சிக்கன யந்திரமாகிவிட்டது. ஒரு வாத்தியார், நூற்றுக் கணக்கில் பிள்ளைகள், நடுவே சட்டாம்பிள்ளைகள். செலவு குறைச்சல் என்பதே அதன் பெருமையாயிற்று. 1846-க்குப் பிறகு பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை நியமிக்கும் ஏற்பாடு வந்து, அந்த முறை மெல்ல ஓய்ந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது, திண்ணைப் பள்ளியைத் தெய்வமாக்கி மாலை போட எனக்கு உத்தேசமில்லை. பல்லாரி கலெக்டர் காம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில், பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துத் தங்கள் அறிவையும் உறுதி செய்துகொள்ளும் வழக்கத்தை மனமாரப் பாராட்டினார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றார். அதே அறிக்கையில், பிள்ளைகள் அர்த்தம் தெரியாத செய்யுளைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள் என்றும் எழுதினார். இரண்டும் நிஜம். பிரம்படி போதாதென்று பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கவர்னர் மன்றோ 1822-இல் உத்தரவிட்டு எடுத்த கணக்கின் முடிவு 1826-இல் வெளியாயிற்று. சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அந்தக் காலத்துக்கு இது சாதாரணத் தொகையல்ல. ஆனால் அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். திண்ணை என்பது ஒரு வீட்டின் திண்ணை. அந்த வீட்டுக்கு ஜாதி உண்டு. தோலைத் தொட்ட கை அந்த மணலைத் தொட முடியாது. பின்னால் மிஷன் பள்ளிகளும் சர்க்கார் பள்ளிகளும் வந்துதான் கதவு கொஞ்சம் திறந்தது. என் கிழவரின் தகப்பனார் சிறுவனாக இருந்தபோது ஒரு திண்ணைக்கு எதிரே மரத்தடியில் நின்று, காதில் விழுந்த ஆத்திசூடியை முழுக்கச் சொல்லக் கற்றாராம். ஓர் எழுத்துக்கூட அவருக்குத் தெரியாது. கிழவருக்கும் அது அப்படியே வந்திருந்தது. அவர் அதைச் சொல்லிக் காட்டியபோது, 'மனப்பாடம் பண்ணிக்குங்க' என்று நான் சொன்னது நினைவு வந்து வெட்கப்பட்டேன். அந்தக் குடும்பத்துக்கு மனப்பாடம் இருந்தது. மறுக்கப்பட்டது எழுத்து.

எழுத்து வேறு, பாஷை வேறு என்பதற்கு எங்கள் சீமையே சாட்சி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டுக்குள் உருது, கடைத்தெருவில் தமிழ் என்று வாழும் முஸ்லிம் குடும்பங்கள் அநேகம். முன்பு தமிழ் பேசி வந்து சில தலைமுறைகளில் உருதுவுக்கு மாறியவர்களும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்திலோ அரபு எழுத்தில் சில குறிகளைச் சேர்த்துத் தமிழையே எழுதினார்கள். அதற்கு அரபுத் தமிழ் என்று பெயர். சட்டை மாறியது, ஆள் மாறவில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்களே, அங்கே சத்தமும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனாலும் பேச்சு நடக்கிறது. எதிரில் ஒருவன் இருப்பதால்.

இரவுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் மாதம், ஒரு நாள் நான் வரத் தாமதமாயிற்று. வாசலிலேயே நின்றுவிட்டேன். கிழவர் பலகைக்கு முன்னால் நின்று இன்னொருவருக்கு 'தோ' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொம்பு முன்னால் போகும் வண்டிமாடு, கால் பின்னால் நடக்கும் ஆள், நடுவில் வண்டி. மூன்றும் சேர்ந்தால்தான் சவாரி என்று விளக்கினார். இலக்கண வித்துவான்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு அவருக்கு அந்த எழுத்துத் தவறவேயில்லை. எட்டு வயது ஃபிரிஸ்கனும் எழுபது வயதுக் கிழவரும் எனக்குக் காட்டியது ஒன்றுதான்: இன்னொருவனுக்குச் சொல்ல வேண்டி வரும்போதுதான் நமக்கே அது புரிகிறது.

இன்னொரு பாடமும் அவர் சொன்னதுதான். குரோமியம் வருவதற்கு முன், ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலத்து ஆள் அவர். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்து, மயிரும் சதையும் நீக்கின தோலை எடுத்தவுடனே கெட்டியான பட்டைத் தண்ணீரில் போடக்கூடாது என்பார். மேலே சுருங்கி இறுகிப் போகும். உள்ளே பச்சையாகவே இருக்கும். முதலில் நீர்த்த தண்ணீர். பிறகு நாளுக்கு நாள் கெட்டி.

"பார்க்கப் பதமாத்தான் தெரியும் நைனா. அறுத்துப் பார்த்தாத்தான் உள்ள பச்சை இருக்கிறது தெரியும்."

அவர் தோலைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு என் கல்லூரிப் படிப்பு நினைவுக்கு வந்தது.