கரும்புக்காகப் பிரிக்கப்பட்ட ஆறு

தென்னாப்பிரிக்கா என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது காந்தி, மண்டேலா, அப்புறம் கிரிக்கெட். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்களுக்குத் தில்லையாடி வள்ளியம்மை. ஆனால் அந்த நாட்டின் கிழக்குக் கரையில், டர்பனிலிருந்து வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, செயின்ட் லூசியா என்று ஓர் ஏரி இருக்கிறது. அதன் கதையில் நம் ஊர்க்காரர்களும் ஓரமாக வந்து போகிறார்கள். எப்படி என்கிறீர்களா? கரும்பு வழியாகத்தான்!

முதலில் பெயர்களைப் பார்த்துவிடலாம். 1497ல் கிறிஸ்துமஸ் சமயத்தில் வாஸ்கோடகாமா இந்தக் கரையைக் கடந்து போனார். அதனால் இதற்கு 'நாட்டால்' என்று பெயர் வந்தது (போர்த்துகீசிய மொழியில் கிறிஸ்து பிறப்பு). 1554ல் கப்பல் உடைந்து கரையேறிய போர்த்துகீசியர்கள் இந்த ஏரியின் முகத்துவாரத்துக்கு 'பொன்மணல் மேடுகளின் ஆறு' என்று பெயர் வைத்தார்களாம். 1575ல் அது புனித லூசியாவின் பெயருக்கு மாறியது. ஏரியைச் சுற்றியுள்ள பூங்காவின் இப்போதைய பெயர் ஸூலு மொழியில் ஐசிமங்கலிசோ, அதாவது அதிசயம். இந்தப் 'பொன்மணல்' விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏரி என்றால் ஆழமான ஏரி இல்லை. பரப்பு சுமார் 350 சதுர கிலோமீட்டர், ஆழமோ சராசரியாக ஒரு மீட்டர்தான். இடுப்பளவுத் தண்ணீர்! அதில் நீர்யானை, முதலை, கூழைக்கடா, பூநாரை எல்லாம் உண்டு. கடலோடு சேரும் இடத்தில் சுறாவும் உள்ளே வரும். நீர்யானையும் சுறாவும் ஒரே தண்ணீரில் நீந்துகிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கும் சொல்லுங்கள்?

இவ்வளவு ஆழம் குறைந்த ஏரி வெயிலில் வற்றாமல் எப்படித் தாக்குப் பிடித்தது என்பதுதான் சுவாரசியம். தெற்கே உம்ஃபோலோசி என்று ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றுக்கும் ஏரிக்கும் சேர்த்துக் கடலுக்குப் போக ஒரே முகத்துவாரம். மழை குறையும் காலத்தில் அலைகள் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஆற்றுத் தண்ணீருக்குக் கடலுக்குப் போக வழியில்லை, ஆகவே அது திரும்பி ஏரிக்குள் பாயும். வெள்ளம் வந்தால் மணல்மேடு உடைந்து வழி திறக்கும். மீன் குஞ்சுகளும் இறால்களும் உள்ளே வரும். ஆற்றின் சேற்றை என்ன செய்வது? அதற்கும் ஏற்பாடு இருந்தது. வழியில் நாணலும் கோரையும் மண்டிய பெரிய சதுப்பு நிலம் வண்டலை வடிகட்டிவிடும். மதகும் இல்லை, ஷட்டரும் இல்லை, பொதுப்பணித்துறையும் இல்லை :-)

இனி கரும்பு. 1851ல் எட்மண்ட் மோர்வுட் என்பவர் நாட்டால் கரையில் முதன்முதலாகக் கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தார். தோட்டங்கள் பெருகின, ஆள் கிடைக்கவில்லை. சொந்த நிலமும் மாடுகளும் வைத்திருந்த ஸூலு மக்கள் வெள்ளைக்காரன் தோட்டத்தில் ஏன் கூலிக்குப் போகவேண்டும்? அதனால் இந்தியாவிலிருந்து ஆள் பிடித்தார்கள். சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16ம் தேதி 342 பேருடன் டர்பனை அடைந்தது. 1911 வரை இப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்துக்காரர்கள், தமிழர்களும் தெலுங்கர்களும்.

ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதத்துக்குப் பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே இருந்தால் வருடத்துக்கு மூன்று பவுண்டு வரி என்று 1895ல் ஒரு சட்டம் வந்தது. மூன்று பவுண்டு என்றால் அறுபது ஷில்லிங். முதல் வருடச் சம்பளக் கணக்கில் ஆறு மாத உழைப்பு! இந்த வரியை எதிர்த்து 1913ல் நடந்த வேலைநிறுத்தம் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிக் கரும்புத் தோட்டங்கள் வரை பரவியது. 1914ல் வரி நீங்கியது. அந்த மக்கள் கட்டிய கோயில்கள் இந்தக் கரை நெடுக இன்றும் உள்ளன. டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியை ஒட்டித்தான் திருவிழா, ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும்.

1897ல் ஸூலு நாடு நாட்டால் காலனியுடன் இணைக்கப்பட்டது. அதன்பிறகு கரும்பும் வடக்கே நகர்ந்து உம்ஃபோலோசி சமவெளிக்கு வந்து சேர்ந்தது. அருமையான வண்டல் மண். ஆனால் சதுப்பு நிலம். எனவே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள், ஆற்றை நேராக்கினார்கள், கோரை இருந்த இடத்தில் கரும்பு நட்டார்கள். வடிகட்டி போனதும் சேறு நேராக முகத்துவாரத்துக்கு வந்தது. 1950 வாக்கில் அது தூர்ந்தே போய்விட்டது. ஏரியைக் காப்பாற்றுகிறோம் என்று 1952ல் ஆற்றைப் பிரித்துத் தெற்கே தனி வழி வெட்டிக் கடலுக்கு விட்டார்கள்.

சேறு நின்றது. கூடவே நல்ல தண்ணீரும் நின்றது!

அதற்கப்புறம் ஏரியின் வாயைத் தூர் வாரித் திறந்தே வைத்தார்கள். வறட்சி வந்தபோது ஆற்று நீருக்குப் பதில் கடல் நீர் உள்ளே வந்து, வெயிலில் காய்ந்து, 1970 வாக்கில் ஏரியின் சில பகுதிகளில் உப்பு கடலைவிடப் பல மடங்கு ஏறியது. 1984 ஜனவரியில் வந்த டொமொய்னா புயலோ உம்ஃபோலோசியின் வெள்ளத்தைக் கரும்பு வயல்கள் மேலேயே ஏற்றிவிட்டது. 2002க்குப் பிறகு நீண்ட வறட்சி. வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள், ஆறும் இல்லை, கடலும் இல்லை. 2006ல் ஏரியின் பெரும்பகுதி வெறும் தரை.

சர்க்கரையின் விலையில் கரும்பு, கூலி, ஆலைச் செலவு எல்லாம் சேரும். ஏரி வற்றிய செலவு எந்த ஆலையின் லாப நஷ்டக் கணக்கிலும் ஏறியிருக்காது. அதைச் சுமந்தவர்கள் மீன்பிடித்து வாழ்ந்த உள்ளூர் மக்கள்.

இப்போது அந்தப் பொன்மணலுக்கு வருவோம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே காடு மூடிய உயரமான மணல்மேடுகள். அவற்றில் பொன் இல்லை, டைட்டானியம் இருந்தது. ரிச்சர்ட்ஸ் பே மினரல்ஸ் நிறுவனம் அதைத் தோண்டப் போகிறது என்று 1989ல் தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. மூன்று லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆய்வுக்குழு 1993ல் வேண்டாம் என்றது, 1996ல் அரசும் அதையே உறுதி செய்தது. 1999ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அதே கிழக்குக் கரையில் வாழ்ந்த பங்காசி மக்களை, மரத்தோட்டம் போடுவதற்காக 1950களிலிருந்து 70கள் வரை வெளியேற்றியபோது யாரும் இப்படி லட்சக்கணக்கில் கையெழுத்துப் போடவில்லை. அவர்களுடைய நிலக் கோரிக்கை தீர்ந்ததும் 1999ல்தான். அதுவும் குடியேறும் உரிமையாக இல்லை, நஷ்ட ஈடாக.

வடக்கே, மொசாம்பிக் எல்லையை ஒட்டிய கோசி விரிகுடாவில் சோங்கா மக்கள் பல நூற்றாண்டுகளாகக் குச்சிகளை நட்டு வேலி கட்டி மீன் பிடிக்கிறார்கள். வளைந்து போகும் வேலி மீனைக் கூடைக்குள் கொண்டுபோய் விடும், சின்ன மீன்கள் இடுக்கு வழியே தப்பிவிடும். அப்பாவிடமிருந்து மகனுக்கு வேலி சொத்தாக இறங்கும். தண்ணீரை அடைக்காமலேயே மீன் பிடிக்கும் வித்தை!

செயின்ட் லூசியாவில் ஒரு வழியாக 2012ல் ஆற்றை மறுபடி ஏரியோடு சேர்க்கும் வேலை ஆரம்பித்தது. பல வருடம் தூர் வாரிக் கொட்டிய மண்ணை 2016, 2017ல் அள்ளினார்கள். முகத்துவாரம் அடைபட்டால் வயலில் தண்ணீர் நிற்கிறதே என்று கரும்பு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் பக்கமும் நஷ்டம் உண்மைதான், தாத்தா காலத்தில் வடித்த நிலத்தில்தான் பேரன் பயிர் வைத்திருக்கிறான். 2021 ஜனவரியில் நிர்வாகமே இயந்திரம் வைத்து முகத்துவாரத்தை வெட்டித் திறந்தது. விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் மகிழ்ச்சி. விஞ்ஞானிகள் பலரோ, இயற்கையாக உடைவதற்கு விட்டிருக்க வேண்டும், இப்போது சேறுதான் உள்ளே வரும் என்று எதிர்த்தார்கள். அமைச்சர் ஒரு நிபுணர் குழு போட்டார்.