வார்டின் வாசலில் பெற்றோர்: குழந்தைத் தீக்காய மருத்துவத்தில் குடும்பம் இடம்பெற்ற வரலாறு

தீக்காயம் பட்ட குழந்தைகளுக்கான மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் தோலின் வரலாறாகவே எழுதப்படுகிறது: களிம்பு, தோல் ஒட்டு, ஆய்வகத்தில் வளர்த்த தோல். அதே காலத்தில் வார்டின் வாசலிலும் ஒரு வரலாறு நடந்தது. பெற்றோரை ஏன் வெளியே நிறுத்தினார்கள், பிறகு எதனால் உள்ளே அழைத்தார்கள் என்பதைப் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை பின்தொடர்கிறது.

வெளியே நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. நெருப்பிலிருந்து பிழைத்த குழந்தையைச் சில நாட்களுக்குப் பின் கிருமித்தொற்று கொன்றுவிடும். பிரசவத்துக்குப் பின் தாய்மாரைக் கொன்ற தொற்றுக் காய்ச்சலை சல்ஃபா மருந்தால் அடக்கலாம் என்று 1936-இல் காட்டிய லெனார்ட் கோல்புரூக், போர்க்காலத்தில் தீக்காயங்களின் பக்கம் திரும்பினார். முதலில் கிளாஸ்கோவில், அதன்பின் பர்மிங்காம் விபத்து மருத்துவமனையில். தொண்டையிலிருந்தும் போர்வைத் தூசியிலிருந்தும் புண்ணுக்குத் தாவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைத் தடுக்க, வடிகட்டிய காற்று செலுத்தப்பட்ட அறையில் கட்டு மாற்றும் முறை உருவானது. அந்தக் கணக்கில் வெளியிலிருந்து வருகிற எவரும் கிருமியைச் சுமந்து வருபவரே. தாய்க்கும் விலக்கில்லை.

அதற்காகக் கோல்புரூக்கைக் குடும்பத்தை மறந்தவர் என்று சொல்லிவிட முடியாது. அவரும் மனைவி வேராவும் ஆயிரம் நோயாளிகளை ஆராய்ந்து 1949-இல் வெளியிட்ட கட்டுரை, பெருவாரியான தீக்காயங்கள் வீட்டில் நேர்பவை, தடுக்கக்கூடியவை என்று வாதிட்டது. கணப்படுப்புகளுக்கும் ஹீட்டர்களுக்கும் தடுப்புக் கம்பி வேண்டும் என்று அவர் விடாமல் எழுதியதற்கு 1952-இல் பிரிட்டனில் வந்த சட்டத்தில் பங்குண்டு. ஆனால் அவர் கண்ட வீடு விபத்து நடக்கும் இடம். காயத்தோடு குழந்தை திரும்பிப்போய் வாழவேண்டிய இடமும் அதுதான் என்பது அப்போது ஆய்வுப் பொருளாகவில்லை.

திருப்பம் தீக்காய வார்டுக்கு வெளியிலிருந்து வந்தது. குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தனியே இருந்த இரண்டு வயதுச் சிறுமியை ஜேம்ஸ் ராபர்ட்சன் படம் பிடித்தார். 1952-இல் அதைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் ஏழே ஆண்டுகளில், 1959-இல், பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கவும், சிறு குழந்தைகளின் தாய்மார் உடன் தங்கவும் பரிந்துரைத்தது. கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கும் அம்மாவையும் பாட்டியையும் பார்த்துப் பழகிய நமக்கு, இதற்கு ஒரு குழு தேவைப்பட்டதே வியப்பாக இருக்கும். உடன் இருக்க விடுவது வேறு, சிகிச்சையில் பங்காளியாக ஏற்பது வேறு என்பதையும் நாம் அறிவோம்.

அதே 1959-இல், அதே பர்மிங்காமிலிருந்து, ஜோன் உட்வர்டின் ஆய்வு வெளியானது. தீக்காயம் ஆறி வீடு திரும்பிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அச்சம், தூக்கக் கோளாறு, அடம் போன்ற மனத்தொல்லைகள் தொடர்ந்தன. 1961-இல் அறுவை மருத்துவர் ஜாக்சனுடன் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே குழந்தைகளோடு தாய்மாரும் இடம்பெற்றார்கள். முக்கியமான படி இது என்பேன். சிறு குழந்தைகளின் காயங்களில் பெரும்பகுதி சூடான நீரோ பாலோ தேநீரோ கொட்டியதால் வருபவை. அந்த நேரம் பெரியவர் யாராவது பக்கத்தில்தான் இருந்திருப்பார். ‘ஒரு நிமிஷம் திரும்பினேன்’ என்ற குற்றவுணர்வு அவரை எளிதில் விடாது. கட்டு மாற்றும்போது குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவரும் அவரேதான்.

1960-களில் அமெரிக்காவில் கால்வெஸ்டன், சின்சினாட்டி, பாஸ்டன் நகரங்களில் ஷிரைனர்ஸ் அமைப்பு குழந்தைகளுக்கான இலவசத் தீக்காய மருத்துவமனைகளைத் தொடங்கியது. யுகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரிலிருந்து, வெந்த தோலைச் சில நாட்களுக்குள் சீவியெடுத்து உடனே ஒட்டும் முறையை சோரா யான்ஷெகோவிச் 1970-இல் உலகுக்கு விளக்கினார். 1984-இல், உடலில் 95 விழுக்காட்டுக்கு மேல் வெந்த இரு சிறுவர்களின் சொந்தத் தோல் செல்களையே வளர்த்து ஒட்டிப் பிழைக்க வைத்த செய்தி பாஸ்டனிலிருந்து வெளியானது.

அறுவைக் கூடத்தின் இந்த வெற்றிகளுக்குப் பின்னுள்ள உழைப்பு வீட்டின் தலையில் விழுந்தது. தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான அழுத்த ஆடையை நாளுக்கு 23 மணி நேரம், மாதக் கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் அணிவிக்க வேண்டும். அரிப்பில் குழந்தை தூங்காது. மூட்டு மடங்கி ஒட்டிக்கொள்ளாமல் தினமும் நீட்டி மடக்கும் பயிற்சி தரவேண்டும். வலிக்கும், அழும், பெற்றோர் நிறுத்தக் கூடாது. குழந்தை வளரும் வேகத்தில் தழும்பு வளராது. அதனால் அறுவைகள் பதின்பருவம் வரை நீளலாம். சிகிச்சைக் குழுக்கள் குடும்பத்தைத் தேடிப் போனதில் கருணையைவிட இந்த நெருக்கடிக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. குழந்தை திரும்புமுன் பள்ளிக்குச் சென்று வகுப்புத் தோழர்களிடம் பேசுவது, தீக்காயம் பட்ட குழந்தைகளுக்கென 1980-களில் பரவிய கோடை முகாம்கள் எல்லாம் இதன் தொடர்ச்சி. 1992-இல் பிரிட்டனில் ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ அமைப்பைத் தொடங்கிய ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ், 18 வயதில் முகம் வெந்தவர். முறைத்துப் பார்ப்பவரை எதிர்கொள்வதும் கற்றுத் தரக்கூடிய திறமையே என்றார்.

அளவிட்ட சான்று பிந்தியே வந்தது. உடலில் 70 விழுக்காட்டுக்கு மேல் வெந்து 1969 முதல் 1992 வரை பாஸ்டனில் சிகிச்சை பெற்றுப் பிழைத்த 80 பேரைப் பற்றிய ஆய்வு 2000-இல் வெளியானது. பெரும்பாலோரின் வாழ்க்கைத் தரம் பொதுமக்களுடையதை ஒத்திருந்தது. சீராக இயங்கும் குடும்பம், பழைய வாழ்க்கைக்கு விரைந்து திரும்புதல், இரண்டாண்டு தவறாத தொடர் சிகிச்சை ஆகியவை நல்ல விளைவோடு சேர்ந்தே காணப்பட்டன. 2005-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், காயத்தின் பரப்பும் வலியும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு இட்டுச்செல்லும் வழிகளில் ஒன்றாகப் பெற்றோரைப் பிரியும் பதற்றம் இனங்காணப்பட்டது.

பாஸ்டன் ஆய்வின் வினாத்தாளை நிரப்பித் தந்தவர்கள் அந்த 80 பேரில் 60 பேர். தொடர் சிகிச்சைக்கு வராமல் நின்றுவிடும் குடும்பங்களை எப்படிச் சென்றடைவது என்ற கேள்வி, முதலில் மீதி 20 பேரைப் பற்றியே எழவேண்டும்.