ஒரிஜினல் பாகத்தின் ஊர் எது?

லண்டனில் 'லில்லி அண்ட் ஸ்கின்னர்' என்ற பெயர்பெற்ற காலணி நிறுவனம் இருந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னருக்குச் செருப்பை விட மோட்டார் காரில்தான் நாட்டம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்கேற்பத் தானே அளவை மாற்றிக்கொள்ளும் ஒரு கார்புரேட்டரை அவர் உருவாக்கினார். ஆரம்ப மாதிரிகளில் அந்த வேலையைச் செய்தது ஒரு தோல் துருத்தி. காலணிக் குடும்பத்துக்குத் தோல் புதிதல்லவே! பின்னால் துருத்தி போய் உலோகப் பிஸ்டன் வந்தது. சகோதரரும் சேர்ந்துகொள்ள, 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பது சுருங்கி 'எஸ்.யூ.' ஆனது. அறுபது ஆண்டுகள் கழித்து, ஜப்பானில் ஹிட்டாச்சி நிறுவனம் செய்த இரண்டு எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர்கள் ஒரு நீண்ட பானெட்டின் அடியில் போய் உட்கார்ந்தன. அந்தக் கார் டாட்சன் 240 இஸட். இன்று அதைப் பழைய நிலைக்கு மீட்டெடுக்கிறவர்கள், அந்தக் கார்புரேட்டர்கள் அசல்தானா என்று டார்ச் அடித்துத் தேடுகிறார்கள்.

நீண்ட மூக்கு, குட்டையான பின்பக்கம், இரண்டே இருக்கை: படத்திலாவது இந்தக் காரைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் பெருமை என்று சொல்லப்படும் இதன் பாகங்களைக் கழற்றிக்கொண்டே போனால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர் வழியைச் சொல்லும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 1911-ல் டோக்கியோவில் ஹஷிமோட்டோ மசுஜிரோ 'கைஷின்ஷா' என்ற மோட்டார் பட்டறையை ஆரம்பித்தார். பணம் போட்டு ஆதரித்த டென், அவோயாமா, தகேயுச்சி மூவரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1914-ல் தன் காருக்கு 'டாட்' என்று பெயர் வைத்தார். இன்னொரு பக்கம், வில்லியம் கோர்ஹம் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1918-ல் விமான எஞ்சின் வியாபாரத்தை நம்பி ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஊர் திரும்பாமல், தெரிந்தவர் ஒருவருக்காக ஒரு மூன்று சக்கர வண்டி செய்துகொடுத்தார். அதன் உரிமையை வாங்க ஒசாகாவில் ஒரு நிறுவனமே முளைத்தது. 1926-ல் அந்த நிறுவனமும் ஹஷிமோட்டோவின் டாட் நிறுவனமும் இணைந்தன. 1931-ல் பிறந்த சின்னக் கார் 'டாட்டின் மகன்' என்ற பொருளில் பெயர் பெற்று, சீக்கிரமே டாட்சன் ஆனது. கோர்ஹம் 1941-ல் ஜப்பானியக் குடியுரிமையே வாங்கிவிட்டார். விமான வியாபாரம் ஓடியிருந்தால் இந்தக் கதையின் பாதி வேறு மாதிரி இருந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டாட்சனைத் தயாரித்த நிஸ்ஸானிடம் ஆலை இருந்தது, புதிய தொழில்நுட்பம் இல்லை. 1952-ல் இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. முதலில் உதிரியாக வந்த கார்களை ஜப்பானில் பூட்டுவது, பிறகு ஒவ்வொரு பாகமாக உள்நாட்டிலேயே செய்வது. அப்படி நிஸ்ஸான் கற்றுக்கொண்ட ஆஸ்டின் ஏ50 காரின் 1,489 சி.சி. எஞ்சின் நமக்கும் அந்நியமல்ல. அதே எஞ்சின்தான், அதே எஸ்.யூ. கார்புரேட்டரோடு, நம் அம்பாசடரிலும் பல காலம் ஓடியது. நிஸ்ஸானின் யோகோஹாமா ஆலையில் ஒப்பந்தம் முடியும் முன்பே அந்த எஞ்சினை அறுத்துப் பார்க்கத் துணிந்துவிட்டார்கள். டொனால்ட் ஸ்டோன் என்ற அமெரிக்க ஆலோசகர், புதிதாக ஒன்றை வரைய வேண்டாம், இதே இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஸ்ட்ரோக்கை மட்டும் குறையுங்கள் என்றார். 988 சி.சி.க்குச் சுருங்கிய அந்த எஞ்சின் டாட்சன் 210 காரில் ஏறி, 1958-ல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிய நெடும் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது.

அந்த அணியை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனவர் கட்டயாமா யுட்டாகா. விளம்பரத் துறைக்காரர், கார் பைத்தியம். 1960-ல் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஜப்பானின் அன்றைய சிறு வண்டிகளை விற்றுக்கொண்டே, அமெரிக்கர்களுக்குப் பிடிக்கும் ஒரு நல்ல, மலிவான ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று தலைமையகத்தை விடாமல் நச்சரித்தார். தலைமையகத்தின் ரசனை வேறு. நிஸ்ஸான் தலைவர் கவமட்டா நியூயார்க்கில் 'மை ஃபேர் லேடி' இசை நாடகம் பார்த்து மனம் நிறைந்து வந்தவர். அதனால் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காருக்கு 'ஃபேர்லேடி' என்று பெயர் விழுந்தது. இந்தப் பெயரில் அமெரிக்க ஆண்களிடம் விற்க முடியாது என்று கட்டயாமாவுக்குத் தெரியும். புதிய கார் வந்து இறங்கியபோது ஃபேர்லேடி சின்னத்தைப் பிடுங்கிப்போட்டு, உள்ளே புழங்கிய 240 இஸட் என்ற பெயரையே ஒட்டினார். ஜப்பானில் மட்டும் அது ஃபேர்லேடி இஸட்டாகவே நீடித்தது.

வடிவம் யாருடையது என்பதில் நெடுங்காலம் வழக்காடினார்கள். பி.எம்.டபிள்யூ. 507-ஐ வரைந்த ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ் அறுபதுகளின் முற்பாதியில் நிஸ்ஸானுக்கு ஆலோசகராக இருந்தார். யமஹாவோடு சேர்ந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் முயற்சியும் நடந்து, பாதியில் நின்றது. யமஹா உடனே டொயோட்டாவின் கதவைத் தட்டியது. அந்தக் கூட்டில் வந்ததுதான் டொயோட்டா 2000 ஜி.டி. கோர்ட்ஸ் போன பிறகு, நிஸ்ஸானுக்குள்ளேயே மட்சுவோ யோஷிஹிகோவின் சிறு குழு களிமண் மாதிரிகளில் உழைத்து இஸட்டின் உருவத்தைக் கொண்டுவந்தது. வடிவத்தின் பெருமை மட்சுவோவின் குழுவுக்கே சேர வேண்டும் என்பது என் தீர்ப்பு. ஜாகுவார் இ-டைப்பின் சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த விகிதங்களை அந்த விலைக்குள் அடக்கிக் காட்டியது அவர்கள்தான்.

1969 அக்டோபரில் கார் வெளிவந்தது. அமெரிக்க விலை 3,526 டாலர். அன்று ஒரு டாலருக்கு 360 யென் என்று மாற்று விகிதம் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. இந்த விலை சாத்தியமானதற்கு அதுவும் ஒரு காரணம். 2,393 சி.சி. ஆறு சிலிண்டர் எஞ்சின், 151 குதிரைத்திறன். காத்திருப்போர் பட்டியல் நீண்டது. ஜப்பானில் 2,000 சி.சி.க்கு மேல் போனால் வரி ஏறும் என்பதால், உள்ளூர் வாடிக்கையாளருக்குச் சிறிய எஞ்சின். அங்கே 432 என்ற அபூர்வ ரகமும் இருந்தது. சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம். அதுவே அந்த எண். அதன் எஞ்சின், 1966-ல் நிஸ்ஸானோடு இணைந்த பிரின்ஸ் நிறுவனத்தின் பந்தயக் காரிலிருந்து இறங்கியது. பிரின்ஸின் தலைமைப் பொறியாளர் நககாவா ரியோய்ச்சியோ, போர்க்காலத்தில் நகாஜிமா ஆலையில் போர் விமான எஞ்சின் வடிவமைத்தவர். 432-ன் மூன்று கார்புரேட்டர்கள் மிகுனி செய்தவை. அதே மிகுனி பின்னாளில் சென்னையின் யூகால் நிறுவனத்தோடு கைகோத்தது. மாருதி 800 ஓட்டியவர்கள் அந்தக் கூட்டின் கார்புரேட்டரைத்தான் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் 1971-லும் 1973-லும் 240 இஸட் வென்றது. 1973-ல் ஓட்டியவர் கம்பாலாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர் சேகர் மேத்தா. அதற்கு முந்தைய ஆண்டுதான் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தியிருந்தார். இன்னொரு டாட்சனோடு சரிசமமாக வந்து, சமன்முறிப்பு விதியால் அவருக்கு வெற்றி கிடைத்தது.

இதற்குப் பின் கார் பட்ட பாடுதான் மீட்டெடுப்போருக்கு வேலை வைத்தது. குளிர்காலச் சாலையில் கொட்டும் உப்பு, பேட்டரி தட்டின் அடியையும் தரைத்தகட்டையும் பின்சக்கர வளைவையும் தின்றது. பின்னால் வந்த 280 இஸட்டின் பெரிய எல்28 எஞ்சின் அப்படியே பொருந்தும் என்பதால், ஆயிரக்கணக்கானோர் சிறிய எஞ்சினை இறக்கிவிட்டு இதை ஏற்றினார்கள். ஐரோப்பாவைக் காப்பியடித்தது என்று பழிக்கப்பட்ட இந்தக் காரின் எலும்புக்கூட்டின் மேலேயே ஃபைபர் உடல் ஒட்டி, ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வின் நகல்களைச் செய்து விற்றவர்களும் உண்டு. அந்த நகல்களுக்காக அறுபட்ட நல்ல இஸட்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் சேஸிஸ் எண். எச்.எல்.எஸ்.30 என்றால் இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட ஏற்றுமதி வண்டி, எச்.எஸ்.30 என்றால் வலப்பக்கம், பி.எஸ்.30 என்றால் அந்த அபூர்வ 432. எண் டேஷ்போர்டின் தகட்டில் இருக்கும். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரிலும் நேரடியாகக் குத்தப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். எஞ்சின் எண் பிளாக்கில், ஸ்பார்க் பிளக் பக்கம், பின்பகுதி மேல்விளிம்பில் இருக்கும். அதற்கு முன்னால் எல்24 என்று இருக்க வேண்டும். எல்28 என்றிருந்தால் எஞ்சின் பின்னால் வந்தது. பானெட்டுக்கு உள்ளே ஒரு சிறு தகட்டில், பிறக்கும்போது அந்தக் காருக்கு எந்த எஞ்சின் எண் கொடுத்தார்கள் என்பதும் இருக்கும். சிலிண்டர் ஹெட்டில் வார்ப்பிலேயே இ31 என்றிருந்தால் ஆரம்ப காலத்தது, இ88 என்றால் பிந்தையது, என்42 என்றால் 280-லிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

உடலும் பேசும். முதல் தொகுதிக் கார்களில் பின்கதவிலேயே காற்றுத் துளைகள். பக்கவாட்டுத் தூணில் 240 இஸட் என்று எழுத்து. அடுத்த தொகுதியில் துளைகள் அந்தத் தூணுக்கு இடம் மாறி, வட்டச் சின்னத்துக்குள் மறைந்துகொண்டன. சீட் பெல்ட்டில் தைத்த துணியில் தேதி இருக்கும். விளக்குக் கண்ணாடிகளில் கொய்ட்டோ, இச்சிகோ போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் குறிகள். அமெரிக்கா போன வண்டிகளில் கதவோரத் தகட்டில் தயாரான மாதம். பாகத்தின் தேதி காரின் தேதிக்குச் சற்று முந்தியதாக இருந்தால் நம்பலாம். ஓராண்டு பிந்தியதென்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். பழைய பெட்டியில் பாக எண் கிடைத்தால் இன்னும் தெளிவு. நிஸ்ஸான் எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும்: 65100 என்றால் பானெட், 63100 என்றால் வலது முன் ஃபெண்டர். கோட்டுக்குப் பின் வருவது எந்த மாடலுக்காக வரைந்தார்கள் என்பது. இ41 என்று தொடங்கினால் பெரும்பாலும் இஸட்டுக்கென்றே பிறந்தது.

இதில் எனக்கு மிகப் பிடித்த சிக்கல் 1973-ஆம் ஆண்டுக் கார். அமெரிக்கப் புகை விதிகளுக்காக அந்த ஆண்டு எஸ்.யூ. வகை உருண்டைத் தலைக் கார்புரேட்டர்களை விட்டுவிட்டுத் தட்டைத் தலை ரகம் வைத்தார்கள். சூட்டில் எஞ்சின் திணறியது. உரிமையாளர்கள் புதியதைக் குப்பையில் போட்டுவிட்டு, முந்தைய ஆண்டு உருண்டைத் தலையைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். கார் நன்றாக ஓடியது. இப்போது 1973 இஸட்டை அச்சு அசலாக மீட்க நினைப்பவர், எல்லோரும் வெறுத்துத் தூக்கியெறிந்த அந்தத் தட்டைத் தலையைத் தேடி அலைய வேண்டும். ஓட்டுவதற்கு உருண்டைத் தலையை மாட்டுங்கள், தட்டைத் தலை கிடைத்தால் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள் என்பேன். இரண்டுமே அந்தக் காரின் வரலாறுதான்.

1996-ல் அமெரிக்காவில் இஸட் விற்பனையே நின்றபோது, நிஸ்ஸான் பழைய 240 இஸட்டுகளைத் தானே வாங்கி, கலிஃபோர்னியப் பட்டறைகளில் புதுப்பித்து, தன் ஷோரூம்களில் சுமார் 25,000 டாலருக்கு விற்றது. நாற்பது கார்கள்கூடத் தேறவில்லை. நல்ல எண்ணம், ஆனால் கட்டுப்படியாகவில்லை. 2020 ஜனவரியில் ஒரு 1971 வண்டி இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. பொம்மைக் கார் செய்யும் ஃபிராங்க்ளின் மின்ட் நிறுவனம் தன் சிறு மாதிரிக்கு அளவு எடுத்த வண்டி அது. அதிகம் ஓடாமல், அதிகம் பிரிக்கப்படாமல் இருந்ததே அதன் மதிப்பு.

டாட்சன் என்ற பெயர் கடைசியாக ஒருமுறை எழுந்ததும் நம் பக்கத்தில்தான். 2014-ல் சென்னைக்கு அருகே ஒரகடம் ஆலையிலிருந்து டாட்சன் கோ வந்தது; 2022-ல் அந்தப் பெயருக்கே விடை கொடுத்துவிட்டார்கள். டாட்சனோ அம்பாசடரோ, உங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய வண்டி நின்றால், டிங்கரிங்காரரைக் கூப்பிடும் முன் அதன் எண்களையும் குறிகளையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்துவிடுங்கள். கழற்றிய எதையும், எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும், காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள்.