உழைப்பும் ஊர்க் கணக்கும்

நம் நாட்டுச் சிற்றூர் ஒவ்வொன்றுக்கும் மக்கள்தொகை ஏட்டில் ஒரு வரி உண்டு: மக்கள் இத்தனை, உழைப்போர் இத்தனை, உழையாதோர் இத்தனை. இந்தக் கடைசிக் கட்டத்தில் குழந்தைகள், மாணவர், முதியோர், இரந்துண்போர் ஆகியோருடன் நம் தாய்மாரும் இடம்பெற்றிருப்பதைக் காண்கிறோம்.

1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வேலைப் பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் முறையாக வேலை செய்தவர் உழைப்பாளராகக் கொள்ளப்பட்டார். ஆகவே, அடுப்படி வேலைக்கிடையே நாற்று நட்டவளும் களை பறித்தவளும் கணக்கில் வந்தனர். 1971-இல் முதன்மையான அலுவல் எதுவென்றே கேட்டனர். வீட்டு வேலை என்று விடை வந்தது; வயல் மறைந்தது. ஏறத்தாழ 6 கோடியாக இருந்த பெண் உழைப்பாளர் தொகை 3 கோடி அளவுக்குச் சுருங்கிற்று. பத்தே ஆண்டில் அவர்களில் பாதிப்பேர் கைகட்டி அமர்ந்துவிட்டனரா, என்ன? மாறியது பெரிதும் கேள்விதான்.

1981-இல், ஆண்டுக்கு 183 நாளேனும் வேலை செய்தோர் ஒரு பிரிவாகவும், அதற்குக் குறைந்தோர் வேறொரு பிரிவாகவும் எழுதப்பட்டனர். வானம் பார்த்த பூமியில் 183 நாள் வேலைக்கு யார் உறுதி தருவார்? கூலியின்றிக் குடும்ப நிலத்தில் செய்யும் வேலையும் வேலையே என்பது 1991-இல்தான் கேள்வியிலேயே சேர்க்கப்பட்டது. 2001-இல், வீட்டுத் தேவைக்கு மட்டுமே மாடு வளர்த்துப் பால் கறப்பவளும் உழைப்பாளர் ஆனாள். சமைப்பதும், பிள்ளை வளர்ப்பதும், தண்ணீர் சுமப்பதும் 2011-இலும் அந்தக் கணக்குக்கு வெளியேதான் நின்றன.