புதுக் கார் ஓயாமல் பழுதானால்? 'லெமன் சட்டம்' இல்லாத நாட்டில் நமக்குள்ள உரிமைகள்

கமுந்திங் – புது எஸ்யூவி கைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். அதற்குள் மூன்றாவது முறையாக சர்வீஸ் செண்டரில் நிற்கும். "சிஸ்டத்தை ரீசெட் செய்துவிட்டோம், ஓட்டிப் பாருங்கள்" என்பார்கள். மறுவாரம் அதே எச்சரிக்கை விளக்கு மறுபடியும் எரியும். "காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால், "பதிவு செய்த காரைத் திருப்பி எடுக்க முடியாது, வாரண்டி மட்டும்தான்" என்று பதில் வரும். பலர் அதோடு வாயை மூடிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு வந்த பல குடும்பங்களுக்கு, வீட்டுக்கு அடுத்த பெரிய கடன் கார்தான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காரின் விலை 80,000 ரிங்கிட். முன்பணம் 8,000 போக கடன் 72,000. ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டியில் 9 ஆண்டுகளுக்குக் கட்டினால், மொத்தம் 91,440 ரிங்கிட், மாதம் ஏறக்குறைய 847 ரிங்கிட். கார் ஓடினாலும் பட்டறையில் நின்றாலும் இந்தத் தவணையைக் கட்டியே ஆக வேண்டும். அதனால்தான் சட்டம் நமக்கு என்ன தந்திருக்கிறது என்பதைக் கார் வாங்குவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

'லெமன்' என்றால் என்ன?

வெளியே பளபளப்பாக இருந்து, வாங்கிய பிறகு ஓயாமல் தொல்லை கொடுக்கும் காரை அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'லெமன்' என்பார்கள். அத்தகைய காரை வாங்கியவரைப் பாதுகாக்கும் சட்டத்தை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982-இல் கொண்டு வந்தது. 2014-இல் பிலிப்பைன்ஸ் இயற்றிய சட்டம் புதுக் காருக்கு 12 மாதம் அல்லது 20,000 கிலோமீட்டர் என வரம்பு வைத்து, ஒரே பழுதுக்கு நான்கு முறை பழுதுபார்த்தும் தீரவில்லை என்றால் அடுத்த கட்டத்திற்குப் போகலாம் என்கிறது.

பக்கத்து நாடான சிங்கப்பூரில் 1 செப்டம்பர் 2012 முதல் இத்தகைய விதி நடப்பில் உள்ளது. பொருளைப் பெற்ற ஆறு மாதத்திற்குள் தெரிய வரும் பழுது, பெறும்போதே இருந்ததாகவே அங்கே கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு.

மலேசியாவில் இந்தப் பெயரில் தனிச் சட்டம் இல்லை. 'மூன்று முறை பழுதானால் புதுக் கார்' என்ற விதி எதுவும் இங்கே கிடையாது. ஆனால் நமக்கு உரிமையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 599, புதுக் காருக்கும் பொருந்தும்.

சட்டம் 599 என்ன சொல்கிறது?

இச்சட்டத்தின் 32-வது பிரிவு, விற்கப்படும் பொருள் 'ஏற்கத்தக்க தரத்தில்' இருக்க வேண்டும் என்கிறது. வழக்கமான பயன்பாட்டுக்கு ஏற்றதாகவும், பாதுகாப்பானதாகவும், நீடித்து உழைப்பதாகவும், சிறு குறைகளும் இல்லாததாகவும் இருக்க வேண்டும். விலையையும் பொருளின் தன்மையையும் கருத்தில் கொண்டு தரம் மதிப்பிடப்படும். விற்பனையாளர் ஒரு குறையை முன்கூட்டியே சொல்லி, அதற்கு இணங்கி நாம் வாங்கியிருந்தால், பிறகு அந்தக் குறையைக் காட்டிக் கேட்க முடியாது.

இந்த உத்தரவாதம் நிறுவனம் தரும் வாரண்டிப் புத்தகத்திலிருந்து வேறானது. நாம் கையெழுத்துப் போட்ட பாரத்தில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சிட்டிருந்தாலும், சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது.

எதைக் கவனிக்க வேண்டும்?

புரோட்டோன் எக்ஸ்50 2020 அக்டோபரிலும், பெரோடுவா அத்திவா 2021 மார்ச்சிலும் சந்தைக்கு வந்தன. எக்ஸ்50 நம் பேராக்கிலேயே, தஞ்சோங் மாலிமில் தயாராகிறது. இந்த வகைச் சிறு எஸ்யூவிகளில் டர்போ இயந்திரம், புது வகை கியர், கேமராவோடு கூடிய பாதுகாப்பு அமைப்பு என நுட்பம் அதிகம். நுட்பம் கூடும்போது, கார் இயல்பாக நடந்துகொள்வது எது, பழுது எது என்ற குழப்பமும் கூடுகிறது. கீழே சொல்வது குறிப்பிட்ட ஒரு மாடலைப் பற்றியது அல்ல. இவ்வகைக் கார்களில் கவனிக்க வேண்டிய இடங்கள் இவை.

*கியர்:* இரட்டை கிளட்ச் கியர் உள்ள கார், நெரிசலில் ஊர்ந்து போகும்போது லேசாகக் குலுங்குவது உண்டு. ஆனால் மேட்டில் இழுவை இல்லாமல் போவது, 'டி'-யில் போட்டும் நகராமல் நிற்பது, கியர் சூடு எச்சரிக்கை அடிக்கடி வருவது இயல்பல்ல. சிவிடி கியரில் ஒரே சீரான இரைச்சல் இருக்கலாம். வேகம் கூடாமல் இயந்திரச் சுழற்சி மட்டும் ஏறினால் கவனிக்க வேண்டும். ஈப்போவுக்குப் போகும் வழியில் மெனோரா சுரங்கப்பாதைப் பக்கமுள்ள ஏற்றத்தில் இது நன்றாகத் தெரியும்.

*இயந்திரம்:* மூன்று சிலிண்டர் இயந்திரத்தில், கார் நிற்கும்போது சிறு அதிர்வு இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் அணைவது, எண்ணெய் கசிவது, குளிர்நீர் குறைந்துகொண்டே போவது ஆகியவை பழுது.

*மின்னணுப் பாகங்கள்:* திரை உறைந்து போவது, பின்புறக் கேமரா தெரியாமல் போவது, பேட்டரி காரணமின்றி இறங்குவது. இவற்றில் சில, மென்பொருளைப் புதுப்பித்தாலே சரியாகிவிடும். முன்னே எதுவும் இல்லாதபோது தானாகப் பிரேக் பிடிப்பது ஆபத்தானது. அதைச் சிறு குறை என்று ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

*மழைநீர்:* தைப்பிங், கமுந்திங் மழையைப் பற்றி நமக்குச் சொல்லத் தேவையில்லை. கார் எடுத்த முதல் மாதத்திலேயே பெருமழைக்குப் பின் தரைவிரிப்பின் அடியிலும், பின்புறச் சாமான் பகுதியில் உதிரி டயர் இருக்கும் குழியிலும் கை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றே படம் எடுங்கள். தங்கிய நீர் ஒயர்களைக் கெடுத்துவிடும்.

*அப்சோபரும் ஸ்டேரிங்கும்:* தோட்டத்து மண்சாலையில் ஓடும் காரில் சத்தம் வந்தால், "சாலை காரணம்" என்று சொல்லிவிடுவார்கள். எனவே நல்ல தார்ச்சாலையில் ஓட்டும்போது சத்தம் வருகிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

முதலில் பழுதுபார்க்கும் வாய்ப்பு

சரிசெய்யக்கூடிய பழுது என்றால், விற்பனையாளருக்கு அதைச் சரிசெய்ய நாம் வாய்ப்புத் தர வேண்டும். அவர் நியாயமான காலத்திற்குள் பழுதுபார்க்கலாம், அல்லது மாற்றுப் பொருள் தரலாம். பழுதுபார்ப்பதை அவரிடம் எதிர்பார்க்க முடியாத நிலையில் பணத்தைத் திருப்பித் தரலாம். அவர் மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ, முயன்றும் முடியாமல் போனாலோ, வேறிடத்தில் பழுதுபார்த்து அந்தச் செலவை அவரிடம் கோரலாம், அல்லது காரையே நிராகரிக்கலாம். ஆனால் வெளியே போமனிடம் காட்டினால் நிறுவன வாரண்டி பாதிக்கப்படலாம். கடைசி வழியாகவே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பழுது 'கணிசமானது' என்றால், பழுதுபார்க்கும் வரை காத்திருக்காமலே காரை நிராகரிக்க முடியும். இந்தப் பழுது முன்பே தெரிந்திருந்தால் எந்த நியாயமான மனிதரும் இதை வாங்கியிருக்க மாட்டார் என்பது ஓர் அளவுகோல். பொருள் பாதுகாப்பற்றது என்பது இன்னொன்று. நிராகரித்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது அதே வகைப் பொருளை மாற்றாகக் கேட்கலாம். டோ லாரி, கிரேப் போன்றவற்றுக்கான செலவை இழப்பீடாகவும் கோரலாம்.

தாமதித்தால் உரிமை போகும்

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். நிராகரிக்கும் உரிமையை 'நியாயமான காலத்திற்குள்' பயன்படுத்த வேண்டும். எத்தனை நாள் என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. அந்தப் பழுது வெளியே தெரிய எவ்வளவு காலம் ஆகும், பொருள் எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பார்த்தே அது முடிவாகும். 'அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்' என்று இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டு, பிறகு காரைத் திருப்பித் தருகிறேன் என்றால் எடுபடுவது கடினம். விபத்தில் மோதிய கார், கண்டபடி மாற்றியமைத்த கார் என்றாலும் வாதம் பலவீனமாகிவிடும்.

நிராகரிப்பை வாயால் சொல்லாமல் எழுத்து மூலம் தெரிவியுங்கள். காரின் பதிவு எண், எடுத்த தேதி, பழுது என்ன, எத்தனை முறை சர்வீஸுக்குப் போனது, 'இக்காரணங்களால் இக்காரை நிராகரிக்கிறேன்' என்ற வரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தவணையை நிறுத்தாதீர்கள்

'கார் ஓடவில்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?' என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் வாடகைக் கொள்முதல் முறையில், கடன் தீரும் வரை காரின் உரிமையாளர் வங்கி. தொடர்ந்து இரண்டு மாதத் தவணை தவறினால், 21 நாள் அறிவிப்புக் கொடுத்துக் காரை இழுத்துச் செல்லும் வழியை 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் வங்கிக்குத் தருகிறது. கார் கையை விட்டுப் போய்விட்டால் பழுதுக்கான ஆதாரமும் போய்விடும். தவணையைக் கட்டிக்கொண்டே, பிரச்சினையை வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

நம்மிடையே சம்பளச் சீட்டு உள்ள மகன் அல்லது மகள் பெயரில் கடன் எடுத்து, அப்பா கார் ஓட்டுவது வழக்கம். ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே கடிதம் எழுதி, அவரே மனு செய்தால் பின்னால் சிக்கல் வராது.

எங்கே முறையிடுவது?

மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு செய்யக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. வழக்கறிஞர் தேவையில்லை. விற்பனை நிறுவனமும் வழக்கறிஞரை வைத்து வாதாட முடியாது. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். 'போராங் 1' என்ற பாரத்தைப் பூர்த்தி செய்தால் போதும், இணையம் வழியாகவும் செய்யலாம். தீர்ப்பு வந்து 14 நாள்களுக்குள் அதற்குக் கட்டுப்படாவிட்டால் அது குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆனால் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய உச்ச வரம்பு 50,000 ரிங்கிட். 2019-க்கு முன் இது 25,000 ஆக இருந்தது. பழுதுபார்ப்புச் செலவு, இழப்பீடு ஆகியவற்றுக்கு இந்த வரம்பு தாராளம். ஆனால் இன்றைய எஸ்யூவி ஒன்றின் முழு விலையையும் திரும்பக் கேட்க இது போதாது. அதற்கு மூன்று வழிகள் உண்டு. 50,000-க்கு மேற்பட்ட தொகையை விட்டுக்கொடுத்து மனு செய்யலாம். இரு தரப்பும் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் வரம்பைத் தாண்டியும் தீர்ப்பாயம் விசாரிக்கலாம். இல்லையென்றால் வழக்கறிஞரை வைத்து நீதிமன்றம் போக வேண்டும். 100,000 ரிங்கிட் வரையிலான வழக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கும். ஒரே கோரிக்கையை இரண்டாகப் பிரித்து இரண்டு மனுவாகக் கொடுக்க முடியாது.

நிறுவனத்தின் பெயரில் கார் வாங்கிய சிறு வணிகர்களும் சோர்ந்துவிட வேண்டாம். புஞ்சாக் நியாகா நிறுவனம் என்இசட் வீல்ஸ் நிறுவனத்திடம் வாங்கிய மெர்சிடிஸ் கார் தொடர்பான வழக்கில், நிறுவனமும் பயனீட்டாளராகக் கருதப்படலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2012-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான தீர்ப்பு அது.

மனு செய்வதற்கு முன் ஆலோசனை வேண்டுமானால், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் கேட்கலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இத்தகைய புகார்களுக்கு வழிகாட்டுகிறது.

திரும்ப அழைப்பு வந்தால்

நிறுவனமே ஒரு பாகத்தை மாற்றித் தரக் கார்களைத் திரும்ப அழைத்தால் அலட்சியம் செய்யாதீர்கள். 2014-இல் சிபுவில் ஹோண்டா சிட்டி காரில் தகாத்தா காற்றுப்பை வெடித்துக் கர்ப்பிணிப் பெண் ஒருவர் உயிரிழந்தார். பழைய கார் வாங்குகிறவர்களும் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்டுவிட வேண்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை

1. விற்பனை ஆணை, வாடகைக் கொள்முதல் ஒப்பந்தம், விளம்பரத் தாள்.
2. ஒவ்வொரு சர்வீஸின் வேலைச் சீட்டு. நீங்கள் சொன்ன புகார் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். 'பொதுச் சோதனை' என்று மட்டும் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.
3. கார் சர்வீஸ் செண்டரில் நின்ற நாள்களின் பட்டியல்.
4. எச்சரிக்கை விளக்கு, சத்தம், நீர்க்கசிவு ஆகியவற்றின் காணொளி, தேதியுடன்.
5. வாட்ஸ்அப் உரையாடல்கள். தொலைபேசியில் பேசினால், 'இன்று பேசியபடி' என்று ஒரு வரி அனுப்பிப் பதிவு செய்யுங்கள்.
6. டோ லாரி, வாடகைக் கார், கிரேப் ரசீதுகள்.
7. முதல் 1,000 கிலோமீட்டர் சர்வீஸிலிருந்து ஒன்றுகூடத் தவறாத சர்வீஸ் புத்தகம்.

சிங்கப்பூரில் முதல் ஆறு மாதம் நிரூபிக்கும் சுமை விற்றவர் தோளில் இருக்கிறது. இங்கே பழுதைக் காட்ட வேண்டியவர் நாம்தான். சர்வீஸ் மேலாளரிடம் எவ்வளவு சத்தம் போட்டாலும் தீர்ப்பாயத்தில் அது சாட்சியாகாது. வேலைச் சீட்டில் எழுதப்பட்ட ஒரு வரி சாட்சியாகும். எனவே காரில் முதல் கோளாறு தெரிந்த அன்றே ஒரு கோப்பைத் திறந்துவிடுங்கள்.